கூட்டாட்சிக்கு முந்திய வீரர்: சாலிம் சுஹைல் பின் கமீஸின் வாழ்வும் நினைவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்துவடிவம்)



ஐக்கிய அரபு அமீரகம் ஆண்டுதோறும் நவம்பர் 30ஆம் நாளைத் தன் வீரர்களின் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்நாளில் காலை எட்டு மணிக்குத் தேசியக் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டு, பதினொன்றரை மணிக்கு ஒரு நிமிட மௌன வேண்டுதல் நிகழ்ந்து, அடுத்த நிமிடமே நாட்டுப்பண்ணுடன் கொடி மீண்டும் உச்சிக்கு ஏற்றப்படுகிறது. இந்நாள் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணமானவர் ராஸ் அல் கைமா அமீரகத்துக் காவல்துறையைச் சேர்ந்த சாலிம் சுஹைல் பின் கமீஸ் என்னும் இருபது வயது இளைஞர். 1971 நவம்பர் 30 அன்று ஈரானியப் படையினர் பெரிய தும்ப் தீவில் இறங்கியபோது, அங்கிருந்த காவல் நிலையத்தின் தலைவராக நின்று, கொடியை இறக்க மறுத்து உயிர்நீத்த அவரை அந்நாடு தன் முதல் ‘ஷஹீத்’ என்று போற்றுகிறது. அறத்தின் பொருட்டோ நாட்டின் பொருட்டோ உயிர்கொடுத்தவரைக் குறிக்கும் அரபுச் சொல் அது. தமிழில் ‘தியாகி’ என்பது அதற்கு அணுக்கமானது.

ஆயினும் அவரைப் போற்றும் நாடு அவர் இறந்த நாளில் உலகில் இல்லை. அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா ஆகிய ஆறு அமீரகங்கள் சேர்ந்து கூட்டாட்சியை அறிவித்தது 1971 டிசம்பர் 2 அன்று. சாலிமின் சொந்த அமீரகமான ராஸ் அல் கைமா அதில் ஏழாவதாகச் சேர்ந்தது 1972 பிப்ரவரி 10 அன்று. ஒரு நாட்டின் முதல் தியாகி, அந்நாடு பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பும், அவருடைய ஊர் அந்நாட்டுக்குள் வருவதற்குப் பத்து வாரம் முன்பும் இறந்தவராக இருக்கிறார்.

இந்த முரண்பாடே இச்சொற்பொழிவின் பொருள். சாலிமின் செயல் ஒரு சிறிய அமீரகத்தின் கடைசி நாட்களுக்கு உரியது என்பதும், அவருடைய புகழ் அதன்பின் 44 ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டாட்சி தன் தேவைக்கேற்பக் கட்டி எழுப்பியது என்பதும், இவ்விரண்டையும் பிரித்து அறிவதால் செயலின் மதிப்போ புகழின் மதிப்போ குறைவதில்லை என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்து. அது ஏழு கூறுகளாக இங்கே விரிக்கப்படுகிறது.

1. களத்தை உருவாக்கிய அரசியல்

பாரசீக வளைகுடாவின் தென்கரையில் இருந்த அமீரகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பிரித்தானியப் பேரரசோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களால் கட்டுண்டிருந்தன. 1892இன் ஒப்பந்தத்தின்படி அவற்றின் வெளியுறவும் பாதுகாப்பும் பிரித்தானியாவின் பொறுப்பாக இருக்க, உள்ளாட்சி மட்டும் ஷேக்குகள் எனப்படும் குலத்தலைவர்களிடம் இருந்தது. 1968 ஜனவரியில் பிரித்தானியப் பிரதமர் ஹெரால்ட் வில்சன், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தம் படைகள் 1971 முடிவுக்குள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்ததும், அந்த ஏற்பாடு முடிவுக்கு வரத் தொடங்கியது. அடுத்த மாதமே அபுதாபியின் ஷேக் சாயிதும் துபாயின் ஷேக் ராஷிதும் இணைந்து ஒன்றியத்துக்கு அடியிட்டனர். பஹ்ரைனும் கத்தாரும் சேர்ந்து ஒன்பது உறுப்பினர்களோடு அமையவேண்டிய ஒன்றியம், பஹ்ரைன் 1971 ஆகஸ்டிலும் கத்தார் செப்டம்பரிலும் தனி நாடுகளானதால் சுருங்கியது.

வெளியேறும் வல்லரசின் இடத்தை நிரப்ப முனைந்த அண்டை நாடு ஈரான். பஹ்ரைன் மீதான தன் நெடுநாளைய உரிமைக் கோரிக்கையை, ஐக்கிய நாடுகள் அவையின் வழியே மக்கள் விருப்பம் அறியப்பட்ட பின், 1970இல் அது கைவிட்டிருந்தது. ஆனால் ஹோர்முஸ் நீரிணையின் வாயிலில் கிடக்கும் அபு மூசா, பெரிய தும்ப், சிறிய தும்ப் ஆகிய மூன்று தீவுகளையும் விட்டுக்கொடுக்க மன்னர் முகம்மது ரெசா பஹ்லவி உடன்படவில்லை. இத்தீவுகள் பண்டுதொட்டுத் தனக்கு உரியவை என்றும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் துணையோடு பறிக்கப்பட்டவை என்றும் ஈரான் வாதிட்டது. அபு மூசா ஷார்ஜாவை ஆண்ட அல் காசிமி குடும்பத்துக்கும், தும்ப் தீவுகள் ராஸ் அல் கைமாவை ஆண்ட அதே குடும்பத்தின் மற்றொரு கிளைக்கும் வழிவழியாக உரியவை என்பது அரபுத் தரப்பின் வாதம். உலகின் எண்ணெய்க் கப்பல்கள் கடந்து செல்லும் வழியைக் கண்காணிக்கும் இடங்கள் என்பதால், பரப்பில் சிறிய இத்தீவுகளின் மதிப்பு பரப்பைக் கொண்டு அளக்கப்படவில்லை.

2. ஒரே நாளில் இரு தீவுகள்

பிரித்தானிய அரசின் தூதராக வளைகுடாவுக்கு அனுப்பப்பட்ட சர் வில்லியம் லூஸ் இரு தரப்பையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயன்றார். ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் காலித் பின் முகம்மது அல் காசிமி அதற்கு இசைந்தார். எந்தத் தரப்பும் தன் இறையாண்மைக் கோரிக்கையைக் கைவிடாமல், அபு மூசாவின் ஒரு பகுதியில் ஈரானியப் படை நிலைகொள்ளவும், எண்ணெய் வருவாய் சரிபாதியாகப் பகிரப்படவும், ஒன்பது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 15 லட்சம் பவுண்டு ஷார்ஜாவுக்கு வழங்கப்படவும் வகைசெய்த புரிந்துணர்வு ஒப்பந்தம் 1971 நவம்பர் இறுதியில் வெளியிடப்பட்டது. ராஸ் அல் கைமாவின் ஷேக் சக்ர் பின் முகம்மது அல் காசிமி இத்தகைய எந்த ஏற்பாட்டுக்கும் இணங்கவில்லை.

எனவே நவம்பர் 30 அன்று ஈரானியப் படை அபு மூசாவில் ஒப்பந்தத்தின்படியும் தும்ப் தீவுகளில் ஒப்பந்தமின்றியும் இறங்கியது. பிரித்தானியாவின் பாதுகாப்புப் பொறுப்பு சட்டப்படி முடிவதற்கு அப்போது ஒரு நாள் எஞ்சியிருந்தது. பிரித்தானியப் படை தலையிடவில்லை. பாதுகாக்கும் கடமை உடைய பேரரசு விலகிக்கொண்டிருக்க, பாதுகாக்க வேண்டிய கூட்டாட்சி இன்னும் பிறக்காதிருக்க, நடுவில் விடப்பட்ட இடமாகப் பெரிய தும்ப் அன்று இருந்தது. சாலிமின் மரணத்தை விளங்கிக்கொள்ள இந்தச் சட்ட வெற்றிடமே முதற்கண் நினைவில் இருத்தப்பட வேண்டியது.

பெரிய தும்பின் காவல் நிலையத்தில் இருந்தோர் ஆறு பேர்; அவர்களுக்குத் தலைவர் சாலிம். விடியற்காலையில் கப்பல்களிலும் வானூர்திகளிலும் வந்த படையினரிடம் அமீரகக் கொடியை இறக்க மறுத்த நிலையில் அவர் சுடப்பட்டு இறந்தார் என்பது அமீரகம் நினைவுகூரும் செய்தி. மோதலில் ஈரானியக் கடற்படையினர் மூவரும் காவலர் நால்வரும் இறந்ததாகக் கூறும் நூல்களும் உண்டு; எனினும் பொது நினைவில் நிலைத்த பெயர் சாலிமுடையது ஒன்றே. தீவில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு ராஸ் அல் கைமாவுக்கு வந்து சேர்ந்தன.

அன்றைய நிகழ்வின் அலைகள் தீவுக்கு அப்பாலும் சென்றன. ஈராக், ஈரானுடனும் பிரித்தானியாவுடனும் தூதுறவை முறித்துக்கொண்டது. பிரித்தானியாவின் உடந்தையைக் காரணம் காட்டி, லிபியா தன் மண்ணில் இருந்த பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை இச்சிக்கலை எடுத்து, பிறர் வழியான சமரச முயற்சிக்கு இடந்தருவதாகக் கூறி ஒத்திவைத்தது. புதிய கூட்டாட்சி ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானதும் அதே நாளில்தான். உடன்பாடு செய்துகொண்ட ஷார்ஜாவின் ஷேக் காலித், 1972 ஜனவரியில் முன்னாள் ஆட்சியாளர் நடத்திய கவிழ்ப்பு முயற்சியில் கொல்லப்பட்டார்.

3. கொடியும் நாடும்

சாலிம் இறக்க மறுத்த கொடி இன்று அமீரகமெங்கும் பறக்கும் பச்சை, வெள்ளை, கறுப்பு, சிவப்புக் கொடி அன்று. வெள்ளை விளிம்புக்குள் சிவப்பு நிறம் கொண்ட ராஸ் அல் கைமாவின் கொடி அது. 1820இல் பிரித்தானியருடன் ஏற்பட்ட பொதுக் கடல் ஒப்பந்தத்தின்படி, நட்புடைய அரபுக் கப்பல்களை அடையாளம் காண்பதற்காக விதிக்கப்பட்ட சிவப்பு வெள்ளைக் கொடிகளின் வழிவந்தது. கூட்டாட்சியின் கொடி, பொதுப் போட்டியின் வழியே அப்துல்லா முகம்மது அல் மஈனா என்னும் இளைஞரின் வடிவமைப்பாகத் தெரிவாகி, டிசம்பர் 2 அன்றுதான் முதன்முதலில் ஏற்றப்பட்டது. சாலிம் அதை ஒருநாளும் கண்டிருக்க இயலாது.

இது சிறு நுணுக்கம்போலத் தோன்றினாலும் இவ்வுரையின் வாதத்துக்கு அடிப்படையானது. ராஸ் அல் கைமா டிசம்பர் 2 அன்று கூட்டாட்சிக்கு வெளியே நின்றதற்குக் காரணங்கள் இருந்தன. கூட்டாட்சியின் உயர் அவையில் முக்கிய முடிவுகளுக்கு ஐந்து வாக்குகளும், அவற்றுள் அபுதாபி, துபாய் ஆகிய இரண்டின் இசைவும் வேண்டும் என்ற விதி, அவ்விரு அமீரகங்களுக்கும் தடுப்புரிமை தந்தது. பழம்பெருமை மிக்க தன் அமீரகத்துக்கும் அந்நிலை வேண்டும் என்று ஷேக் சக்ர் கருதினார். தன் மண்ணில் எண்ணெய் கிடைக்கும் என்ற நம்பிக்கையும், தீவுகள் குறித்த கசப்பும் உடன் சேர்ந்தன. ஆகவே சாலிம் உயிர்கொடுத்தபோது காத்தது, கூட்டாட்சியில் சேரத் தயங்கி நின்ற ஒரு தனி அமீரகத்தின் உரிமையை. அவருடைய செயலைக் கூட்டாட்சியின் பெயரால் நடந்த செயலாகச் சொல்வது காலத்தைப் பின்னோக்கி வளைப்பதாகும்.

எனினும் இந்த வளைவு பொய்யன்று. தேச வரலாறுகள் யாவும் தம் தொடக்கத்தைத் தமக்கு முன்னால் தேடுகின்றன. இந்தியக் குடியரசு 1857இன் படைவீரர்களைத் தன் விடுதலை வரலாற்றில் சேர்த்துக்கொண்டதும், வேலூர்க் கோட்டையில் 1806இல் கிளர்ந்த சிப்பாய்களைத் தமிழகம் தன் முன்னோடிகளாகப் போற்றுவதும் இவ்வகையினவே. பின்வந்த அரசு முன்சென்றவரைத் தனக்குரியவராக்கிக் கொள்ளும்போது, அந்த உரிமையாக்கத்தின் காலமும் காரணமும் எவை என்பதே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி.

4. நாற்பத்து நான்கு ஆண்டுகள்

1971க்கும் 2015க்கும் இடையில், வீரர்களை நினைவுகூரும் நாள் எதுவும் கூட்டாட்சி அளவில் அமையவில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, படையே ஒன்றாக இல்லை. 1951இல் பிரித்தானியர் தொடங்கி, பின்னர் ‘ட்ரூஷியல் ஓமான் ஸ்கவுட்ஸ்’ என்று பெயர்பெற்ற எல்லைப் படை கூட்டாட்சியின் பாதுகாப்புப் படையாக மாறிய பின்னும், அமீரகங்கள் சில தம் சொந்தப் படைகளை வைத்திருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் முடிவு 1976 மே 6 அன்று எடுக்கப்பட்டது. அதன் பின்னும் முழு ஒருங்கிணைப்புக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. ஒரே படை உருவாகும்வரை, ஒரே படையின் வீரர் என்ற எண்ணம் வேரூன்ற வழியில்லை.

இரண்டாவது, தீவுச் சிக்கல் நெடுங்காலம் ராஸ் அல் கைமா, ஷார்ஜா ஆகிய இரு அமீரகங்களின் சிக்கலாகவே நின்றது. துபாயின் வணிகர்களுக்கு ஈரானியத் துறைமுகங்களோடு பல தலைமுறைத் தொடர்பு இருந்தது. புதிய சிறிய கூட்டாட்சிக்குப் பெரிய அண்டை நாட்டைப் பகைப்பது இயலாததாக இருந்தது. 1992இல் அபு மூசாவில் மீண்டும் பூசல் எழுந்தபோதுதான், தனித்தனி அமீரகங்கள் முன்னர் செய்த வெளிநாட்டு ஒப்பந்தங்கள் யாவும் கூட்டாட்சியின் பொறுப்பு என்று உயர் அவை முடிவு செய்தது. தீவுகள் கூட்டாட்சியின் தீவுகளாயின. அவற்றின் பொருட்டு இறந்தவர் கூட்டாட்சியின் வீரராவதற்கான சட்டக் கதவும் அப்போதே திறந்தது. அன்று முதல், நேரடிப் பேச்சுவார்த்தை அல்லது பன்னாட்டு நீதிமன்றம் என்ற இரு வழிகளில் ஒன்றால் தீர்வு காணவேண்டும் என்று அமீரகம் கேட்டுவருகிறது. தீவுகள் தன் நாட்டின் பிரிக்கவியலாப் பகுதி என்று ஈரான் மறுத்துவருகிறது.

மூன்றாவது, போர்க்களத்தில் இறக்கும் அமீரகத்தார் அரிதாகவே இருந்தனர். 1991இல் குவைத்தை மீட்ட போரிலும், பின்னர் கொசோவோ, ஆப்கானிஸ்தான் ஆகிய இடங்களிலும் அந்நாட்டுப் படை பங்கேற்றது. ஆனால் அவற்றின் இழப்பு ஒவ்வொரு வீட்டையும் தொடும் அளவுக்குப் பெருகவில்லை. துயரம் பரவலாகாத நாட்டில் பொது நினைவுநாளுக்கான தேவையும் எழவில்லை.

5. நினைவு நிறுவனமாதல்

நிலைமையை மாற்றியவை 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகள். 2014இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஆண் குடிமக்கள் அனைவர்க்கும் படைப்பணியைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கு அது விருப்பப் பணி. 2015 மார்ச்சில் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணியில் அமீரகமும் யேமன் போரில் இறங்கியது. கோடைக்காலத்தில் ஏடனைச் சுற்றிய சண்டைகளில் அமீரக வீரர்கள் உயிரிழக்கத் தொடங்க, ஆகஸ்டில் கூட்டாட்சியின் அப்போதைய தலைவர் ஷேக் கலீஃபா பின் சாயித், நவம்பர் 30ஐ நினைவுநாளாக அறிவித்தார். செப்டம்பர் 4 அன்று யேமனின் மாரிப் பகுதியில் உள்ள சாஃபிர் தளத்தின்மீது விழுந்த ஏவுகணையால் அமீரக வீரர்கள் நாற்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தனர். கூட்டாட்சி தோன்றியபின் அதன் படை ஒரே நாளில் கண்ட மிகப் பெரிய இழப்பு அது.

இக்கால வரிசை கவனத்துக்குரியது. அறிவிப்பு முதலில் வந்தது. பேரிழப்பு அடுத்து வந்தது. யேமனில் இறந்தோரை நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்று அரசு கருதியபோது, அந்நாளை யேமன் போரின் நாட்காட்டியிலிருந்து எடுக்காமல் 1971இன் நாட்காட்டியிலிருந்து எடுத்தது. அதன் பயன் இரண்டு. அயல்நாட்டு மண்ணில், கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள ஒரு போரில் நேர்ந்த மரணங்கள், சொந்த மண்ணைக் காத்த மரணம் ஒன்றின் வரிசையில் வைக்கப்பட்டன. டிசம்பர் 2இன் தேசிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வருவதால், துயர நாளும் விழா நாளும் ஒரே தொடர் நிகழ்வாக இணைந்தன. யேமனில் மகனை இழந்த தாய்க்கு, தன் மகன் 1971இல் தொடங்கிய வரிசையில் நிற்பவன் என்று சொல்ல அரசுக்கு இயன்றது. சாலிம் முதல்வரானது, அவருக்குப் பின் பலர் வந்ததால்.

2016 நவம்பர் 30 அன்று அபுதாபியில், ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கு எதிரே ‘வாஹத் அல் கராமா’ என்னும் நினைவகம் திறக்கப்பட்டது. மாண்பின் பாலைச்சோலை என்பது அப்பெயரின் பொருள். பிரித்தானியச் சிற்பி இத்ரீஸ் கான் வடிவமைத்த அதன் மையச் சின்னம், அலுமினியம் போர்த்திய 31 பெரும் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அமைப்பு. படை, மக்கள், தலைமை ஆகியோர் ஒருவரையொருவர் தாங்கி நிற்பதை அது குறிப்பதாக விளக்கப்படுகிறது. அருகிலுள்ள மண்டபத்தில், படைத்துறைக் கவச வண்டிகளின் உலோகத்தை உருக்கி வார்த்த தகடுகளில் இறந்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தோர் குடும்பங்களின் நலனைக் கவனிக்கத் தனி அலுவலகமும் நிறுவப்பட்டது.

அம்மண்டபத்தின் வரிசை படைவீரர்களோடு நிற்கவில்லை. பணியில் உயிரிழந்த காவலர்களும் தூதுவர்களும் அதில் உண்டு. 1977இல் அபுதாபி விமான நிலையத்தில் சுடப்பட்டு இறந்த வெளியுறவுத்துறை இணையமைச்சர் சைஃப் குபாஷ், 2017 ஜனவரியில் காந்தஹார் குண்டுவெடிப்பில் காயமுற்று அடுத்த மாதம் இறந்த தூதர் ஜுமா அல் காபி போன்றோர் இப்பரந்த பொருளில் தியாகிகளாகப் போற்றப்படுகின்றனர். முதல்வரே படைவீரர் அல்லர், காவலர் என்பதால், வீரர் என்ற கருத்து சீருடையின் வகையைக் கடந்து, கடமையில் இறந்தோர் அனைவரையும் தழுவுவதற்கு அது தொடக்கத்திலேயே இடங்கொடுத்தது.

6. குவைத்தும் தமிழ் மரபும்: இரு ஒப்பீடுகள்

முதல் ஒப்பீடு அதே வளைகுடாவிலிருந்து. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, தஸ்மான் அரண்மனை வாயிலில் இறந்தவர் ஆட்சியாளரின் தம்பி ஷேக் ஃபஹத் அல் அஹ்மத் அல் சபாஹ். 1982 உலகக் கால்பந்துப் போட்டியில், பிரான்சு அடித்த கோலை எதிர்த்து ஆடுகளத்துக்குள் இறங்கியவராக உலகம் முன்பே அறிந்திருந்த விளையாட்டுத் தலைவர் அவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் மறைந்து போராடி 1991 ஜனவரியில் கொல்லப்பட்ட அஸ்ரார் அல் கபந்தி என்னும் பெண்மணியும், பிப்ரவரி 24 அன்று அல் குரைன் பகுதியிலுள்ள வீட்டில் ஈராக்கியப் படையோடு மணிக்கணக்கில் பொருதி, பத்தொன்பதின்மருள் பன்னிருவரை இழந்த அல் மசீலா குழுவினரும் அந்நாட்டின் வீரர் வரிசையில் முன்னிற்பவர்கள். நாடு மீட்கப்பட்ட 1991இலேயே தியாகிகள் அலுவலகம் அமைந்தது; குண்டுத் துளைகளோடு நின்ற அல் குரைன் வீடு அருங்காட்சியகமாக்கப்பட்டது.

குவைத்துக்கு மாதங்கள் போதுமாயிருக்க, அமீரகத்துக்கு 44 ஆண்டுகள் தேவைப்பட்டதன் விளக்கம் மேற்சொன்ன வாதத்தில் உள்ளது. குவைத்தின் வீரர்கள் ஏற்கெனவே இருந்த நாட்டுக்காக இறந்தனர். அந்நாடு மீண்டதும் அவர்களை ஏற்றுக்கொண்டது. இழந்த நிலமும் திரும்பக் கிடைத்தது. சாலிம் இறந்தபோது நாடு இல்லை. பிறந்த நாட்டுக்கு நிலம் திரும்பவும் இல்லை. மீளாத தீவின் வீரரை நினைப்பது, முடியாத வழக்கை ஆண்டுதோறும் எடுத்துரைப்பதாகும்.

இரண்டாம் ஒப்பீடு தமிழ் மரபிலிருந்து. ஆநிரை மீட்கும் பூசலில் இறந்தவனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் படிநிலைகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. சடங்கைத் தொடங்குவது கால்கோள். கல்லை நீராட்டுவது நீர்ப்படை. அதன் பின் நடுதலும், சிறப்புச் செய்யும் பெரும்படையும், வாழ்த்துதலும் தொடர்கின்றன. இறந்தவனின் செயல் இவ்வரிசைக்குள் வருவதில்லை; அது முன்னரே முடிந்துவிட்டது. படிநிலைகள் அனைத்தும் உயிரோடிருப்போர் செய்பவை. வீரச்செயலையும் வீரநினைவையும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாக இவ்விலக்கணம் பிரித்துவைத்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் ஒன்று ஊரையும் பூசலையும் ஆளின் பெயரையும் மட்டும் தந்து நின்றுவிடுகிறது. தன் ஊரார் நட்ட கல்லுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊர் நடும் கல்லிலிருந்து அரசு நடும் கல் வேறுபடும் இடத்தைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காட்டுகிறது. சோழநாட்டுப் புகாரில் பிறந்து, பாண்டியநாட்டு மதுரையில் நீதி கேட்ட கண்ணகிக்கு, இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்தவன் சேரன் செங்குட்டுவன். அவளுடைய வழக்கில் அவனுக்குப் பங்கில்லை. ஆனால் அவளை ஏற்றதன்வழி மூன்று நாடுகளின் கதையும் அவன் அவையில் வந்து முடிந்தது. ஒரு சிற்றரசின் காவலரைக் கூட்டாட்சி தன் முதல்வராக ஏற்றபோது நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பது: கூட்டாட்சிக்கு வெளியே நின்ற அமீரகத்தின் இழப்பு, ஏழு அமீரகங்களின் பொது இழப்பாயிற்று. தயங்கிச் சேர்ந்த ஏழாவது உறுப்பினரே நினைவின் வரிசையில் முதலாவதாயிற்று.

7. நினைவின் எல்லைகள்

பெயர் பொறிப்பது எவருக்கு உரியது என்ற கேள்வியும் இப்பொருளில் அடங்கும். முதல் உலகப் போரில் மெசப்பொட்டேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்து கல்லறை அறியப்படாத பொதுநலவாயப் படையினர் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பஸ்ராவில் நினைவகம் திறக்கப்பட்டது. பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட, இந்தியப் படையினருள் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டு, சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். சென்னை மாகாணத்துச் சப்பர் படையினரும் பணிபுரிந்த களம் அது. சுதந்திர இந்தியா தன் வீரர்களின் பெயர்களைத் தாங்கும் தேசியப் போர் நினைவகத்தைத் தில்லியில் திறந்தது 2019இல். காலத் தாழ்வு அமீரகத்துக்கு மட்டும் உரியது அன்று என்பதற்கு அதுவும் சான்று.

ஒவ்வொரு பெயரையும் தனித்தகட்டில் பொறித்த அபுதாபி நினைவகம் பஸ்ராவின் முறையிலிருந்து வெகுதூரம் வந்துள்ளது. ஆனால் மக்கள்தொகையில் பெரும்பகுதியினர் வெளிநாட்டாராக உள்ள நாட்டில், குடியுரிமையை அச்சாகக் கொண்ட வீரநினைவு இயல்பாகவே சிறுபான்மையினரின் நினைவாக அமைகிறது. 2022 ஜனவரி 17 அன்று அபுதாபியின் முசஃபா பகுதியில் எண்ணெய்க் கிடங்கின்மீது யேமனின் ஹூதிப் படையினர் நடத்திய தாக்குதலில் இறந்தோர் இந்தியர் இருவரும் பாகிஸ்தானியர் ஒருவரும். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். ஆனால் 2015இல் தொடங்கிய அதே போரின் தொடர்ச்சியில், பணியிடத்தில் இறந்தவர்கள். காவலரையும் தூதுவரையும் தழுவும்படி விரிந்த ஒரு கருத்து, உழைக்க வந்து உயிரிழந்தவரை எந்த இடத்தில் வைக்கும் என்பதை வளைகுடா நாடுகள் இன்னும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தலைமுறைகளை அங்கு அனுப்பிய சமூகங்களுக்கு இக்கேள்வி தொலைவான ஒன்றன்று.

முடிவுரை

அவையோரே, சாலிம் சுஹைல் பின் கமீஸின் வாழ்வைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில வரிகளுக்குள் அடங்கும்: ராஸ் அல் கைமாவின் இளைஞர், காவலர், ஆறு பேர் கொண்ட நிலையத்தின் தலைவர், கைவிடப்பட்ட ஒரு நாளில், பன்மடங்கு பெரிய படைக்கு முன் தன் கொடியை இறக்காதவர். அவருடைய நினைவு குறித்துச் சொல்லவேண்டியவையோ ஒரு நாட்டின் வரலாற்று நீளம் கொண்டவை: படை ஒருங்கிணைப்பு, 1992இன் உயர் அவை முடிவு, கட்டாயப் படைப்பணி, யேமன் போர், நினைவகத்தின் கட்டுமானம். முதலாவதை இரண்டாவதன் தொடக்க அத்தியாயமாக மட்டும் படித்தால், தன் அமீரகத்துக்கு உரிய கடமையைச் செய்த இளைஞர், பின்னாளில் பிறந்த அரசின் கருத்துகளுக்குச் சொந்தக்காரராக்கப்பட்டுவிடுவார். இரண்டாவதை வெறும் அரசியல் என்று ஒதுக்கினால், யேமனில் மக்களை இழந்த குடும்பங்களுக்கு அந்நாள் தரும் ஆறுதலும், ஏழு அமீரகங்களை அது ஒரே துயரத்தில் இணைத்த திறமும் காணாமற்போகும்.

தீவுச் சிக்கல் தீராதவரை சாலிமின் பெயர் ஓர் உரிமைக் கோரிக்கையின் சான்றாகவும் பயன்பட்டுவரும். பேச்சுவார்த்தையாலோ நீதிமன்றத்தாலோ அது தீரும் நாள் வருமாயின், அவருடைய நினைவின் பொருள் மேலும் ஒரு முறை மாறும். வழக்கின் தேவை நீங்கி, ஒரு காவலர் தம் பணியிடத்தில் இறந்தார் என்ற செய்தி மட்டும் எஞ்சும். அந்தச் செய்தியை, அதன்மேல் படிந்த ஒவ்வொரு காலத்தின் விளக்கத்திலிருந்தும் பிரித்து, நாளும் இடமும் கொடியும் பிழையாமல் காத்துவைப்பது வரலாற்றுத் துறையின் பொறுப்பு.